ஒரு வழக்கம் எப்படிப் பிழைக்கிறது? டர்பன் தமிழரை வைத்து ஓர் எளிய விளக்கம்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குத் தெற்கே இசிப்பிங்கோ என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு மாரியம்மன் கோயில். வருடத்தில் அந்தக் கோயிலில் கூட்டம் நெரிவது கிறிஸ்தவர்களின் புனித வெள்ளியையொட்டி. ஈஸ்டர் விடுமுறை வந்துவிட்டால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேண்டுதலோடு வந்து வரிசையில் நிற்கும். டர்பனிலேயே கேட்டோ மேனர் பக்கத்து அம்பலவாணர் ஆலயத்தில் தீமிதி நடப்பதும் அதே புனித வெள்ளியில்தான். தமிழ்நாட்டிலிருந்து முதல் முறையாக இங்கே வருகிறவர்கள் இதைக் கேட்டதும் முழிப்பார்கள். மாரியாத்தாவுக்கும் ஈஸ்டருக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் விடுமுறைதான். 1860 நவம்பர் 16ஆம் தேதி மதராஸிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்தார்கள், அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் மதராஸ் வழியாக. கரும்புத் தோட்டத்தில் நினைத்த நாளில் திருவிழா எடுக்க முடியாது. வெள்ளைக்கார முதலாளி தன் பண்டிகைக்கு வேலையை நிறுத்தினால்தான் கூலிக்காரனுக்குச் சேர்ந்தாற்போல் நான்கு நாள் கிடைக்கும். ஈஸ்டர் எப்போதும் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில் விழும், அதாவது நம் பங்குனி, சித்திரை. ஊரிலும் பல இடங்களில் அம்மனுக்குக் காப்புக் கட்டும் காலம் அது. இரண்டும் பொருந்திப் போயின.

இதற்கு யாரும் கூட்டம் போட்டு முடிவெடுத்திருக்கத் தேவையில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். ஒரு தோட்டத்தில் சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் விழா வைத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம், பாதிப் பேர் வேலையிலிருந்து வர முடியாது, பிள்ளைகள் பார்க்க மாட்டார்கள், அடுத்த வருடம் அதை ஞாபகப்படுத்தவும் ஆள் இருக்காது. இன்னொரு தோட்டத்தில் ஈஸ்டரில் வைத்தார்கள், எல்லோரும் வந்தார்கள், பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் வந்து பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் இடத்தில் அதேபோல் செய்தார்கள். இப்படியே சில தலைமுறை போனால் எது மிஞ்சும் என்று சொல்லத் தேவையில்லை. பல மாதிரிகள் இருந்தன, சில மட்டும் மறுபடி மறுபடி செய்யப்பட்டன, செய்யப்பட்டவை அடுத்த தலைமுறைக்குப் போயின. உயிர்களின் பரிணாமத்தில் நடப்பதாக டார்வின் சொன்ன அதே மூன்று படிகள்தான், வழக்கங்களின் உலகில்.

ஒரு கருத்தோ நம்பிக்கையோ பழக்கமோ ஏன் பரவுகிறது என்று கேட்டால் நாம் வழக்கமாக என்ன சொல்வோம்? அது உண்மை, அதனால் பரவியது. அல்லது அது நல்லது, அதனால் நிலைத்தது. பண்பாட்டுப் பரிணாமம் என்ற இந்தத் துறையைப் படிக்கத் தொடங்கியதும் முதலில் கைவிட வேண்டிய எண்ணம் இதுதான். பரவுவதற்கு வேண்டிய தகுதி வேறு, உண்மையாக இருப்பதற்கு வேண்டிய தகுதி வேறு. சில சமயம் இரண்டும் ஒன்றாக வரும். பல சமயம் வராது.

1976ல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் உயிரியலாளர் ‘தி செல்ஃபிஷ் ஜீன்’ என்ற நூலை எழுதினார். பெரும்பகுதி மரபணுக்களைப் பற்றியது. கடைசி அத்தியாயத்தில்தான் ஒரு கேள்வியைக் கிளப்பினார்: தன்னைத்தானே நகலெடுத்துக்கொள்வது மரபணு மட்டும்தானா? ஒரு மெட்டு, ஒரு சொலவடை, பானை வனையும் முறை, உடுத்தும் பாணி, கடவுளைப் பற்றிய ஓர் எண்ணம், இவையெல்லாம் ஒரு மூளையிலிருந்து இன்னொரு மூளைக்கு நகலாகிப் போகின்றனவே என்றார். அதற்கு அவர் வைத்த பெயர்தான் ‘மீம்’. இன்றைக்கு நாம் வடிவேலு படத்தைப் போட்டு அனுப்புகிறோமே, அந்த மீம் இதிலிருந்து வந்ததுதான். 2019 மே மாதக் கடைசியில் ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் வரும் காண்ட்ராக்டர் நேசமணிக்காக உலகமே பிரார்த்தனை செய்தது போல ட்விட்டரில் ஒரு நாள் முழுக்க ஓடியது ஞாபகம் இருக்கிறதா, அது இந்த விஷயத்தின் மிக வேகமான வடிவம். சுத்தியலைக் காட்டி இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று யாரோ கேட்க, ஒரு தமிழர் நேசமணி தலையில் சுத்தியல் விழுந்த கதையைச் சொல்ல, அவ்வளவுதான், 2001ல் வந்த ஒரு நகைச்சுவைக் காட்சி பதினெட்டு வருடம் கழித்துச் செய்தி ஆகிவிட்டது.

நன்றாகப் பரவும் ஒன்றுக்கு மூன்று குணம் வேண்டும் என்றார் டாக்கின்ஸ். நீடித்திருக்க வேண்டும், வேகமாகப் பெருக வேண்டும், நகலெடுக்கும்போது ரொம்பச் சிதையக் கூடாது.

பெருகும் வேகத்துக்கு டர்பனில் கைக்கெட்டும் உதாரணம் பன்னி சாவ். பாண் ரொட்டியைப் பாதியாகவோ காலாகவோ வெட்டி, நடுவில் குடைந்து, குழம்பை ஊற்றி, குடைந்தெடுத்த ரொட்டியை மேலே வைத்துக் கொடுப்பது. கடையில் ‘குவார்ட்டர் மட்டன்’ என்றால் போதும், கையில் வந்துவிடும். இதை யார் முதலில் செய்தார் என்பதற்குக் குறைந்தது இரண்டு மூன்று கதைகள் உலவுகின்றன, ஒவ்வொரு குடும்பமும் தனக்குத் தெரிந்ததையே சத்தியம் செய்யும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, இதைக் கற்றுக்கொள்ள ஒரு முறை பார்த்தால் போதும் என்பது. சமையல் குறிப்பு எழுதி வைக்க வேண்டாம், யாரும் சொல்லித்தர வேண்டாம், தட்டு கூட வேண்டாம். நகலெடுக்க ஆகும் செலவு குறையக் குறைய வேகம் கூடும். எட்டு மணி நேரம் ஊற வைத்து, அரைத்து, இரவெல்லாம் புளிக்க வைக்கும் பலகாரத்தோடு இதை வைத்துப் பாருங்கள், எது நகரமெங்கும் பரவும், எது இரண்டு மூன்று பாட்டிகளோடு நின்றுபோகும் என்பது புரியும். ருசியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

நகல் சிதையாமல் இருப்பதற்கு நம்மிடம் இருக்கும் உதாரணம் உலகத்தில் வேறு யாரிடமும் அவ்வளவு எளிதில் கிடைக்காது. குறளை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழே சீர். எதுகை, மோனை, வெண்பாத் தளை எல்லாம் சேர்ந்து கட்டியிருப்பதால் ஒரு சொல்லை விட்டாலோ மாற்றினாலோ ஓசை இடிக்கும், கேட்கிறவர் காதே பிழையைப் பிடித்துக் கொடுத்துவிடும். செய்யுள் என்பது அழகுக்காக மட்டும் பிறந்தது என்று நான் நினைக்கவில்லை. ஏட்டில் எழுதுவதே பெரும்பாடாக இருந்த காலத்தில் நகல் பிசகாமல் இருக்க நம் ஆட்கள் கண்டுபிடித்த பூட்டு அது. அந்தப் பூட்டு காத்துக் கொடுத்த கருத்து எவ்வளவு தூரம் போனது என்பதற்கு இந்த மண்ணோடு தொடர்புள்ள ஒரு சங்கதி உண்டு. குறள் பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது. 1908ல் டால்ஸ்டாய் ‘ஓர் இந்துவுக்குக் கடிதம்’ எழுதியபோது இன்னா செய்யாமையைப் பற்றிய குறள்களை அதில் எடுத்தாண்டார். மறு வருடம் அந்தக் கடிதத்தைப் படித்த காந்தி அதைக் குஜராத்தியில் பெயர்த்து, நம் டர்பனுக்குப் பக்கத்து ஃபீனிக்ஸில் அச்சாகிக்கொண்டிருந்த ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகையில் வெளியிட்டார். பக்கத்துக் கரும்புத் தோட்டங்களில் தமிழ் பேசும் கூலிகள் ஆயிரக்கணக்கில் இருக்க, அவர்களுடைய குறள் ஐரோப்பாவைச் சுற்றி, ரஷ்யா போய், அங்கிருந்து இங்கே வந்து இறங்கியது! வழியில் ஓசை போய்விட்டது, எதுகை போய்விட்டது. ‘உனக்குத் தீமை செய்தவனுக்கு நீ தீமை செய்யாதே’ என்ற கருத்து மட்டும் போகவில்லை.

ஆனால் எல்லாக் கருத்துக்கும் இப்படிப் பூட்டு கிடையாது. பூட்டில்லாத கதைகள் கைமாறும்போது என்ன ஆகும் என்பதை ஃப்ரெடரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் கேம்பிரிட்ஜில் சோதித்துப் பார்த்து 1932ல் எழுதினார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை ஆங்கிலேயர்களிடம் படிக்கக் கொடுத்து, அப்புறம் ஞாபகத்திலிருந்து எழுதச் சொன்னார். அவர் எழுதியதை அடுத்தவருக்கு, அவர் எழுதியதை இன்னொருவருக்கு. போகப் போகக் கதை சுருங்கியது, புரியாத பகுதிகள் உதிர்ந்தன, பழங்குடியினரின் ஓடம் சாதாரணப் படகாக மாறியது, கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாக மாறியது, பேய்கள் கிட்டத்தட்டக் காணாமலே போயின. யாரும் வேண்டுமென்று மாற்றவில்லை. தங்களுக்குத் தெரிந்த உலகத்துக்கு ஏற்றபடி ஒவ்வொருவர் மனமும் கதையை இழுத்து நேராக்கிவிட்டது.

இதனால்தான் டான் ஸ்பெர்பர் என்ற பிரெஞ்சு அறிஞர் டாக்கின்ஸோடு ஒத்துப்போகவில்லை. கருத்து நகலாவதில்லை, ஒவ்வொரு தலையிலும் புதிதாகக் கட்டப்படுகிறது என்பது அவர் வாதம். நான் இதில் ஸ்பெர்பர் பக்கம்தான். வீட்டில் தயிருக்கு உறை ஊற்றுவதை நினைத்துப் பாருங்கள், பழைய தயிரிலிருந்து போவது ஒரு கரண்டி, மீதி எல்லாம் இந்த வீட்டுப் பால், இந்த வீட்டுச் சூடு, இந்த வீட்டுப் பாத்திரம். ஊரிலிருந்து வந்த வழக்கம் இங்கே வேறு மாதிரி ஆகிவிட்டதே என்று வருத்தப்படுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆடி மாதம் கூழ் ஊற்றுவது அதற்குச் சரியான சாட்சி. டர்பனில் அதைப் ‘பாரிட்ஜ் பிரேயர்’ என்பார்கள், தமிழே தெரியாத பேரப் பிள்ளைகளும் அந்தப் பெயரில் அதை விடாமல் செய்கிறார்கள். ஊரில் கேழ்வரகு, கம்பு. இங்கே தோட்டத்தில் படியளந்தது மக்காச்சோள மாவு, மீலி மீல். அதைத்தான் புளிக்க வைத்துக் காய்ச்சினார்கள், இன்றைக்கும் அதுதான். தானியம் மாறிப்போனது. ஊரில் அக்கினி வெயிலுக்குப் பிறகு வருகிற ஆடி, பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிற இங்கே குளிர்காலம், ஆக வெயிலின் வெக்கையும் அம்மையும் தணியக் கூழ் வார்க்கிறோம் என்ற காரணமும் பொருந்தாமல் போனது. ஆனால் புளிப்பு மாறவில்லை, வேப்பிலை மாறவில்லை, அம்மனுக்குப் படைத்த பிறகு வருகிறவர் எல்லோருக்கும் ஊற்ற வேண்டும் என்பது மாறவில்லை. எது உதிர்ந்தது, எது நின்றது என்று பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. கையால் செய்வது நின்றது, பலர் கூடிச் செய்வது நின்றது, நாள் குறித்துச் செய்வது நின்றது. காரணம் சொல்லும் பகுதிதான் முதலில் உதிர்ந்தது.

ஏன் காரணம் முதலில் போகிறது? இதற்கு ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. விக்டோரியா ஹார்னர், ஆண்ட்ரூ வைட்டன் என்ற இருவர் 2005ல் வெளியிட்டது. ஒரு பெட்டிக்குள் தின்பண்டம். அதை எடுப்பது எப்படி என்று ஒருவர் செய்து காட்டுவார், ஆனால் நடுவில் தேவையே இல்லாத சில வேலைகளையும் செய்வார், மேலே உள்ள ஓட்டையில் குச்சியை விட்டுக் குத்துவது போல. பெட்டி ஒளிபுகாததாக இருந்தபோது சிம்பன்ஸிகளும் மூன்று நான்கு வயதுக் குழந்தைகளும் எல்லாவற்றையும் அப்படியே செய்தார்கள். பிறகு கண்ணாடி போன்ற பெட்டி. மேலே குத்துவதால் எந்தப் பயனும் இல்லை என்பது கண்ணுக்கே தெரியும். சிம்பன்ஸிகள் அந்த வேலையை விட்டுவிட்டு நேரே பண்டத்தை எடுத்தன. குழந்தைகள்? பயனில்லை என்று தெரியும் இடத்திலும் பெரியவர் செய்தது போலவே குத்திவிட்டுத்தான் எடுத்தார்கள்.

முதலில் படித்தபோது, குரங்கு நம்மைவிடப் புத்திசாலி போலிருக்கிறதே என்றுதான் தோன்றும். யோசித்தால் விஷயம் வேறு. பெரியவர் செய்வதில் எது தேவை, எது தேவையில்லை என்று ஒரு குழந்தையால் முடிவு செய்ய முடியாது. ஆகவே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறது. மனிதனின் பண்பாடு முழுக்க இந்தக் கண்மூடித்தனமான நம்பிக்கையின் மேல் நிற்கிறது. மரவள்ளியின் நஞ்சை எடுக்கும் பக்குவத்தை ஒவ்வொரு தலைமுறையும் ‘இந்தப் படி எதற்கு’ என்று கேட்டுக் கேட்டு விட்டுக்கொண்டே வந்திருந்தால் பல பேர் செத்திருப்பார்கள்.

எங்கள் தெருவில் ஓர் ஆயா பேரனுக்குத் திருஷ்டி கழிப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். வலது கையில் கல் உப்பு, காய்ந்த மிளகாய். பையனைக் கிழக்கே பார்த்து உட்கார வைத்து, வலப்பக்கம் மூன்று சுற்று, இடப்பக்கம் மூன்று சுற்று, துப்பச் சொல்லிவிட்டு நேரே அடுப்பில். “ஏன் ஆயா மூணு தடவை?” என்று கேட்டால், “எங்கம்மா அப்படித்தான் சுத்துவாங்க” என்பார். பக்கத்தில் நின்ற பேத்தி அதே மாதிரி பொம்மைக்குச் சுற்றிக்கொண்டிருந்தாள், கையில் உப்பில்லை, மிளகாயில்லை, மூன்று மட்டும் சரியாக இருந்தது. நெருப்பில் போட்ட மிளகாய் நெடி அடிக்கவில்லை என்றால் திருஷ்டி பலமாக இருந்திருக்கிறது என்று அர்த்தம். நெடி அடித்தால்? “கழிஞ்சிருச்சு.” எது நடந்தாலும் நம்பிக்கைக்குச் சேதமில்லை. உலகமெங்கும் நீண்ட காலம் நிற்கும் நம்பிக்கைகளில் பலவற்றுக்கு இந்தத் தற்காப்பு உண்டு, அவற்றைப் பொய்யாக்க ஒரு வழியையும் அவை விட்டு வைப்பதில்லை. இதைச் சொல்வதால் அந்த ஆயாவின் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. காய்ச்சலில் சோர்ந்து கிடக்கும் பிள்ளைக்குத் தனக்காக ஒருத்தி இவ்வளவு செய்கிறாள் என்பது தெரிகிறது, அதன் பலன் உண்மையானது. ஆனால் டாக்டரிடம் போகும் நேரத்தை அது தின்றுவிடக் கூடாது என்று அவரிடமே நேராகச் சொல்லியிருக்கிறேன்.

பயத்தின் மேல் ஏறிப் போகும் நம்பிக்கைகள் தனி ரகம். 2021 ஜூலையில், முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமா சிறைக்குப் போன பிறகு, டர்பன் இருக்கும் குவாசுலு-நேட்டால் மாகாணத்திலும் கௌடெங் மாகாணத்திலும் கலவரமும் கொள்ளையும் வெடித்தன. 350க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இந்தியர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸிலும் சுற்றுப்புறத்திலும் 30க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் கறுப்பின மக்கள். அந்த வாரம் எங்கள் போன்களில் வாட்ஸ்ஆப் குரல் பதிவுகள் நிற்காமல் வந்தன, லாரி லாரியாக ஆட்கள் வருகிறார்கள், இன்றிரவு உங்கள் தெருதான், பெண்களை வெளியே விடாதீர்கள். பேசுவது யார் என்று தெரியாது. குரலில் நடுக்கம் இருக்கும், அது போதுமாக இருந்தது. அனுப்புகிறவர் மனக்கணக்கு இப்படித்தான்: பொய்யாக இருந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை, உண்மையாக இருந்து சொல்லாமல் விட்டால் பாவம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இந்தக் கணக்கு நியாயமாகத் தெரிந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் போட்டபோது ஊர் முழுக்கத் தூங்காமல் தெருமுனையில் ஆயுதத்தோடு நின்றது, முன்பின் தெரியாத ஒருவர் அந்தப் பக்கம் நடந்து வந்தாலே எதிரி என்று ஆனது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் கூடாது.

பொய் வேகமாகப் போகும் என்று பெரியவர்கள் சொன்னதை எண்ணிக் காட்டிய ஆய்வும் வந்துவிட்டது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூவர் 2018ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய, உண்மையா பொய்யா என்று சரிபார்க்கப்பட்ட சுமார் 1,26,000 செய்திகளின் பாதையைப் பின்தொடர்ந்தார்கள். உண்மைச் செய்தியைவிடப் பொய்ச் செய்தி மறுபகிர்வு ஆகும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம். 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைப் போல ஆறு மடங்கு நேரம் பிடித்தது. இயந்திரக் கணக்குகளைக் கழித்துப் பார்த்தும் இதே நிலைதான், பரப்பியது மனிதர்கள். பொய்ச் செய்தி பெரும்பாலும் புதிதாக இருந்தது, படித்தவர்களுக்கு வியப்பும் அருவருப்பும் வந்தது. உண்மை எப்போதும் புதிதாக இருக்கக் கடமைப்பட்டதில்லையே.

சரி, எல்லாக் கருத்தும் காய்ச்சல் போல ஒரு தொடுகையில் தொற்றிவிடுமா? கிடையாது. கேட்டால் மட்டும் போதும் என்ற வகை ஒன்று, வதந்தி, பாட்டு, பன்னி சாவ் எல்லாம் அந்த வகை. பக்கத்தில் பலர் செய்வதைப் பார்த்தால்தான் ஏற்றுக்கொள்வோம் என்ற வகை இன்னொன்று, அதில் இறங்கினால் இழப்பதற்கு நிறைய இருக்கும். டேமன் சென்டோலா என்ற சமூகவியலாளர் இந்த வேறுபாட்டை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். எனக்கு இதைப் படித்ததும் 1913தான் நினைவுக்கு வந்தது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கியவர்கள் மேல் வருடத்துக்கு 3 பவுண்டு தலைவரி. ஒப்பந்தக் கூலியின் தொடக்கச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங், 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங், அதாவது அரை வருடச் சம்பளம். அநியாயம் என்று எல்லோருக்கும் தெரியும், பல வருடமாகத் தெரியும். தெரிந்தது மட்டும் யாரையும் வேலைநிறுத்தத்தில் இறக்கவில்லை. வேலையை நிறுத்தினால் சவுக்கடி, சிறை, பட்டினி. அக்டோபரில் பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலிலிருந்து ஒரு சிறு பெண்கள் குழு, பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், சிலர் கைக்குழந்தையோடு, காந்தியின் போராட்டத் தோழர் தம்பி நாயுடுவுடன் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய், லயன் என்ற கூலிக் குடியிருப்பு வரிசைகளில் ஒவ்வொன்றாகப் பேசினார்கள். சுரங்கத்தில் வேலை நின்றது. நவம்பர் 6ஆம் தேதி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் காந்தியோடு டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டி நடந்தார்கள். அவரைக் கைது செய்த பிறகு, யாரும் திட்டமிடாத வேகத்தில் கடலோரக் கரும்புத் தோட்டங்களுக்கு அது பரவியது. அடுத்த அறைக்காரன் வேலைக்குப் போகவில்லை, எதிர் லயன்காரன் போகவில்லை, கூடக் கப்பலில் வந்தவன் போகவில்லை, அப்போதுதான் இவனும் போகாமல் இருக்கத் துணிந்தான். மறு வருடம் வரி ஒழிந்தது. செய்தி பரவ ஒரு ஆள் போதும், துணிச்சல் பரவக் கண்ணெதிரே நாலு பேர் வேண்டும்.

கடைசியாக, எனக்கு மிக நெருக்கமான கேள்வி. காவடி நிலைத்தது, கூழ் நிலைத்தது, தமிழ் ஏன் நிலைக்கவில்லை? இங்கே வளரும் தமிழ்ப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இன்று வீட்டு மொழி ஆங்கிலம். கோயிலில் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் அச்சடித்து வைத்துக்கொண்டு அட்சரம் பிசகாமல் பாடுவார்கள், பொருள் கேட்டால் தெரியாது. பெற்றோர்மேல் பழி போடுவது எளிது. நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கவல்லி-ஸ்ஃபோர்ஸா, ஃபெல்ட்மன் என்ற இரு அறிஞர்கள் 1981ல் பண்பாடு கைமாறும் வழிகளை மூன்றாகப் பிரித்தார்கள். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவது ஒன்று. ஒத்த வயதினரிடமிருந்து வருவது ஒன்று. ஆசிரியர், பூசாரி, சித்தப்பா போன்ற மற்றப் பெரியவர்களிடமிருந்து வருவது ஒன்று. காவடிக்கு முதல் வழியும் மூன்றாம் வழியும் போதும், வருடத்துக்கு ஓரிரு நாள் செய்தால் அது உயிரோடிருக்கும். மொழிக்கு அப்படி முடியாது, நாள் முழுக்கப் புழங்க வேண்டும், அதிலும் இரண்டாவது வழி திறந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடம் ஆங்கிலம். மூத்த பிள்ளை ஆங்கிலத்தோடு வீட்டுக்கு வந்து தம்பியிடம் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கியதுமே கதவு சாத்தப்பட்டுவிட்டது, அம்மா எவ்வளவு தமிழ் பேசினாலும் பிள்ளைகள் தங்களுக்குள் பேசுவது எதுவோ அதுதான் நிற்கும். அதற்கு மேல் 1950ல், ஒவ்வோர் இனத்தாரும் தனித்தனிப் பகுதியில்தான் குடியிருக்க வேண்டும் என்ற குரூப் ஏரியாஸ் சட்டம் வந்தது. கூட்டுக் குடும்பமாக இருந்தவர்களைப் பிடுங்கி, அறுபதுகளில் சாட்ஸ்வொர்த் போன்ற இடங்களில் சின்னச் சின்ன வீடுகளில் போட்டார்கள், தாத்தா ஒரு பக்கம், பேரன் ஒரு பக்கம். மூன்றாம் வழியும் பாதி அடைபட்டது. இதில் எந்தத் தாய் என்ன செய்திருக்க முடியும்?

ஆகவே பொருள் தெரியாமல் தேவாரம் பாடும் பிள்ளையைப் பார்த்து யாராவது கேலி செய்தால் எனக்குக் கோபம் வரும். அந்தப் பிள்ளை ஓசையைப் பத்திரமாக வைத்திருக்கிறது. ழகரமும் ளகரமும் நாக்கில் இருக்கிற பிள்ளைக்குப் பொருளைப் பிறகு கொடுக்கலாம், இரண்டும் இல்லாத பிள்ளைக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்துகிற எங்களுக்கு இதில் ஒரு வேலைத்திட்டமே இருக்கிறது. வாரத்தில் ஒரு மணி நேரம் ஒரு பெரியவர் முன்னால் நின்று அ, ஆ சொல்லித்தருவது மூன்றாம் வழி மட்டும்தான், அதை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் எட்டும் தூரம் கொஞ்சம். அதனால் இந்த வருடத்திலிருந்து அண்ணன் தம்பி, அக்கா தங்கை, சித்தப்பா பிள்ளை என்று சேர்ந்தே சேர்க்கச் சொல்கிறோம், தனியாக ஒரு பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்கிறோம். வகுப்பில் பாதி நேரம் பாடம், மீதி நேரம் கோயில் சமையற்கட்டில் வேலை. காய் நறுக்குவது, இலை துடைப்பது, பந்தியில் பரிமாறுவது, அங்கே பேசுவதற்கு வேண்டிய முப்பது நாற்பது வார்த்தை முதல் மாதத்திலேயே வந்துவிடுகிறது. “இன்னும் கொஞ்சம் போடவா?”, “போதும் போதும்”, “உப்பு எங்கே?”, “நீ தள்ளு, நான் ஊத்துறேன்.” போன சனிக்கிழமை இரண்டு பையன்கள் ரசவாளிக்காகத் தமிழில் சண்டை போட்டார்கள், நான் விலக்கிவிடவில்லை.